பேசாத பெட்டியும் என்ற மாப்பிள்ளையும்

மாப்ளே, உன்ற கம்பெனி கேஸ் யார்டைச் சுத்திப் பார்த்துட்டு வந்ததுல இருந்து எனக்குப் பெருமை தாங்கல. நானும் எத்தனையோ எடத்துல கேஸ் டிடெக்டரைப் பார்த்திருக்கறேன். நேரங்கெட்ட நேரத்துல கத்தி, தூங்கறவனை எழுப்பி, ஷிப்ட் ஆளுங்க உயிரை வாங்கும். உன்றது அப்படியில்ல. மாட்டுன நாள்ல இருந்து ஒரு தடவைகூட வாயத் தொறக்கலைன்னு நீயே சொன்னே. "மெயின்டெனன்ஸ் ஃப்ரீ மாமா"ன்னு சொல்றப்ப உன்ற மூஞ்சியில வந்த வெளிச்சத்துக்கு யார்டு லைட்டையே அணைச்சுப்போட்டிருக்கலாம்.

எங்க பெரியப்பன் ஒருத்தரு இருந்தாரு. யாரு என்ன சொன்னாலும் சிரிச்சுட்டே தலையாட்டுவாரு. வரப்புத் தகராறுல பங்காளி வாய்க்கு வந்தபடி பேசுனாலும் மொகம் மாறாது. ஊருக்குள்ள பொறுமைசாலின்னு பேரு. பஞ்சாயத்துக்கெல்லாம் கூப்பிட்டு நடுவுல உக்கார வெச்சாங்க. மனுசனுக்குக் காதே கேக்காதுங்கற சங்கதி வெளிய வர்றதுக்கு ரொம்ப வருசம் ஆச்சு. உன்ற டிடெக்டரைப் பார்த்ததும் எனக்கு அவரு ஞாபகம் வந்துருச்சு.

கோவிச்சுக்காதே. ரிஃபைனரியில இன்ஸ்ட்ரூமென்ட் செக்சன்ல மல்டிமீட்டரும் ஸ்பேனருமாத் திரிஞ்ச ஆளு நானு. ரிட்டயர்டு ஆகி ஆட்டுப்பட்டி பார்த்துட்டு இருந்தாலும், ஒரு டிடெக்டரைப் பார்த்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது.

அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குதுன்னு எப்பவாச்சும் பார்த்திருக்கறியா? பார்த்திருக்க மாட்டே, ஸ்டிக்கர் வெளியதானே இருக்குது. உள்ள ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு ரெண்டு மணி. பிளாட்டினக் கம்பியைச் சுருட்டி, மேல அலுமினா பூசியிருக்கும். ஒண்ணுல மட்டும் பலேடியமோ பிளாட்டினமோ வினையூக்கி சேர்த்திருப்பாங்க. இன்னொண்ணு வெயில், குளிரைச் சமன் பண்றதுக்குச் சோடி. கரண்ட் விட்டு ரெண்டையும் 500 டிகிரிக்குக் கிட்டச் சூட்டுலயே வெச்சிருக்கும். கேஸ் கலந்த காத்து உள்ள போனா, வினையூக்கி இருக்கற மணி மேல அது எரியும். சூடு ஏறும், கம்பியோட மின்தடை ஏறும், வீட்ஸ்டன் பிரிட்ஜ் ஒரு பக்கம் சாயும், பேனல்ல நம்பர் ஏறும். அவ்வளவுதான் வித்தை. 1920-கள்ல கலிஃபோர்னியாவுல ஆலிவர் ஜான்சன்னு ஒருத்தர், எண்ணெய் டேங்க்குள்ள வெடிக்கற ஆவி இருக்குதான்னு பார்க்கறதுக்கு இதைக் கொண்டாந்தாரு. அவருக்கு நூறு வருசம் முன்னால, 1815-ல, டேவி சுரங்க விளக்கைப் பண்ணுனாரு. வெளக்கைச் சுத்திக் கம்பி வலை. கேஸ் இருந்தா சுடருக்கு மேல நீலமா இன்னொரு சுடர் எழும்பும். உன்ற டிடெக்டர் வாயில ஒரு உலோகச் சல்லடை இருக்குது பாரு, சின்டர்னு சொல்லுவோம், அதுக்கும் அந்த வலையோட வேலைதான்: உள்ள எரியறது வெளிய தாவக் கூடாது.

இதுல இருந்தே உனக்கு ஒண்ணு வெளங்கியிருக்கோணும். கேஸை எரிச்சாத்தான் அதுக்குத் தெரியும். எரிக்கற சக்தி போயிட்டா? கம்பி அறுந்தா பேனல்ல ஃபால்ட்டு வரும், அது நல்லவன். வினையூக்கி செத்து, கம்பி மட்டும் உசுரோட இருந்தா, அது பாட்டுக்கு 4 மில்லிஆம்பியரை அனுப்பிட்டே இருக்கும். 4-ன்னா பேனல்ல சைபர். சுத்தமான காத்துக்கும் சைபர், செத்த சென்சாருக்கும் சைபர். நீ அந்தச் சைபரைப் பார்த்துட்டுத்தான் மதியச் சோத்துக்குப் போறே.

"லீக் ஆனா மூக்குக்குத் தெரிஞ்சுருமே மாமா"ன்னு கேட்டே. கெட்டிக்காரன். எல்பிஜிக்குச் சொந்தமா நாத்தம் கெடையாது; ஈத்தைல் மெர்காப்டானைக் கலந்துதான் அனுப்பறாங்க. அமெரிக்காவுல டெக்சாஸ்ல நியூ லண்டன்னு ஒரு ஊரு. 1937 மார்ச் 18-ல வாசனையில்லாத எரிவாயு பள்ளிக்கூடத்துக்கு அடியில தேங்கி வெடிச்சு, 300-க்குக் கிட்டப் பேரு செத்தாங்க. முக்காவாசி கொழந்தைங்க. அதுக்கப்பறந்தான் கேஸுக்கு நாத்தம் சேர்க்கோணும்னு அங்க சட்டம் போட்டாங்க. ஆனா மூக்கு ஒரு சோம்பேறி. ஒரே நாத்தத்துல கொஞ்ச நேரம் நின்னாப் பழகிப்போயிரும். போதாததுக்கு உன்ற மூக்கு அஞ்சரை அடி ஒசரத்துல இருக்குது. எல்பிஜி தரையோட போகுது.

புரொப்பேன் காத்தைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் ரெண்டு மடங்கு. திரவமா ஒரு லிட்டர் கசிஞ்சா சுமார் 250 லிட்டர் ஆவியா விரியும். விரிஞ்சு, சாக்கடைக் குழியிலயும் கேபிள் டிரெஞ்சுலயும் போய்ப் படுத்துக்கும். நீ டிடெக்டரை எங்க வெச்சிருக்கறே? ஷெட்டு வாசலுக்கு மேல, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்துல. ஆடிட்டர் உள்ள நொழைஞ்சதும் ரெண்டையும் கும்பிடோணும்ல! மீத்தேனா இருந்தா நானே கைதட்டியிருப்பேன், அது காத்தைவிட லேசு, மேலதான் போகும். எல்பிஜிக்குத் தரையில இருந்து ஒரு அடி ஒசரம். அதுக்குன்னு ஒரேயடியாத் தரையோட ஒட்டி வெச்சுப்போடாதே, யார்டைக் கழுவி விடறப்ப சின்டர்ல தண்ணி பூந்துக்கும். ஸ்பிளாஷ் கார்டு ஒண்ணு மாட்டு.

அந்த டிடெக்டர் மேல மாட்டியிருந்த பாலித்தீன் பையைப் பத்தி நான் பேச வேண்டாம்னுதான் நெனைச்சேன். ஆனா அதை நீ ரப்பர் பேண்டு போட்டு அழகாக் கட்டியிருந்த நேர்த்தி மனசை விட்டுப் போகல. "தூசி போகக் கூடாதுன்னு மாமா." வாஸ்தவம். தூசி போகாது. காத்தும் போகாது, கேஸும் போகாது. பெயின்ட் அடிச்ச அன்னிக்குக் கட்டுனது, அப்பறம் யாரும் அவுக்கலைன்னு காவக்காரரு என்ற காதுல சொன்னாரு. பைக்கு மேல காலிபரேசன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சே, அதை ஒட்டுன மகராசனை ஒரு நாளைக்கு நான் பார்க்கோணும்.

துணியைச் சூட்டுல காய வெக்கற ஸ்டென்டர் மெஷின் பர்னருக்குப் பக்கத்துல இருக்கற ரெண்டாவது டிடெக்டருக்குப் பை இல்ல. அங்க சங்கதி வேற. ஸ்டென்டர்ல துணிக்கு என்ன சாஃப்ட்னர் ஓட்டறீங்க? சிலிகான். துணி வழவழன்னு வர்றதுக்கு அதுதான் ராசா. 150 டிகிரிக்கு மேல துணி ஓடறப்ப அதுல இருந்து சிலிகான் ஆவியும் கெளம்பும். இந்த மணிக்கு அதைவிடப் பெரிய எமன் கெடையாது. அது மணி மேல போய் எரிஞ்சு, சிலிக்காவாப் படிஞ்சு, வினையூக்கியை மூடிப்போடும். பத்து லட்சத்துல சில பங்கு இருந்தாலே போதும், கொஞ்ச நாள்ல சோலி முடிஞ்சுரும். கழுவி எடுக்கவும் முடியாது, சென்சாரைத்தான் மாத்தோணும். சிலிகான் சீலன்ட், சிலிகான் ஸ்பிரே, பாலிஷ் எல்லாம் அதே சாதி. எலக்ட்ரீஷியன் பெட்டி மூடியில சீலன்ட் இழுவியிருந்ததையும் பார்த்தேன். மழைத்தண்ணி போகக் கூடாதுன்னு நல்ல மனசோட பண்ணியிருக்கறான், பாவம். ஃபிளேம்ப்ரூஃப் பெட்டிக்கு மூடியோட மொகப்பு தானாப் பொருந்தோணும், நாலு போல்ட்டும் இருக்கோணும். அவன் மூணு போல்ட்டும் ஒரு டியூப் சீலன்ட்டும்னு கணக்கு வெச்சிருக்கறான். போதாக்குறைக்குப் பஞ்சுத் தூசி வேற சின்டரை அடைச்சுக் கெடக்குது. தூசி அடைச்சா கேஸ் மெதுவாப் போகும், அலாரம் லேட்டா வரும். அதை மட்டும் கம்பெனிக் கையேடு சொல்றபடி சுத்தம் பண்ணிக்கலாம். வெசம் ஏறுனதுக்கு வைத்தியம் இல்ல.

சரி, நீ டெஸ்ட்டே பண்றதில்லைன்னு நான் சொல்ல மாட்டேன். என்ற கண்ணு முன்னாலயே பண்ணிக் காட்டுனியே! பாக்கெட்டுல இருந்து சிகரெட் லைட்டரை எடுத்து, பத்த வெக்காம, அமுக்கி, பை இல்லாத அந்த ரெண்டாவது சென்சார்ல காட்டுனே. "புகை பிடிக்காதீர்" போர்டுக்கு நேர் கீழ நின்னுட்டு. பேனல் 100-க்கு ஓடுச்சு, நீ என்னை ஒரு பார்வை பார்த்தே. மாப்ளே, லைட்டர்ல இருந்து வர்றது காத்துக் கலக்காத பியூட்டேன். எல்பிஜி காத்துல ஏறக்குறைய 2 சதவீதம் சேர்ந்தாலே தீப்புடிக்கும், அந்தக் கோட்டைத்தான் எல்இஎல்னு சொல்றோம். நீ அதுக்கு ஊட்டுனது அதைப் போல பல மடங்கு. முக்காவாசி செத்த மணிகூட அந்த அடிக்குத் துள்ளி எந்திரிக்கும். 20 சதவீத எல்இஎல்லுக்கு எந்திரிக்குமாங்கறதுதான் கேள்வி. அதுவுமில்லாம இவ்வளவு கேஸை ஒரேயடியா எரிச்சா, மணி மேல கரி படிஞ்சு இருக்கற உசுரும் கொறையும். வாரம் ஒருக்கா இப்படிக் கொன்னு கொன்னுதான் நீ அதுக்கு உசுரு இருக்குதான்னு பார்த்திருக்கறே.

இன்னொரு விசயமும் இதுல இருக்குது. எரியறதுக்கு ஆக்சிஜன் வேணும். கேஸ் 10 சதவீதத்தைத் தாண்டிட்டா அந்த எடத்துல எரியறதுக்குக் காத்துப் பத்தாது. அப்ப மணி அரைப்பட்டினியில கெடக்கும், நம்பர் ஏறி மறுபடியும் எறங்கும். எறங்குதேன்னு நீ உள்ள போயிராதே. நல்ல பேனலா இருந்தா உச்சத்துலயே பூட்டி நிறுத்தி வெக்கும். உன்ற பேனல்ல அந்த வசதியை ஆன் பண்ணியிருக்கறாங்களான்னு பாரு.

இப்ப காலிபரேசன் ரிஜிஸ்டருக்கு வருவோம். எழுத்து முத்து முத்தா இருக்குது. ஒவ்வொரு தடவையும் "செய்முன் 50, செய்பின் 50". மழை, வெயில், சிலிகான், பஞ்சு எதுக்கும் அசையாத டிடெக்டர். அப்படி ஒண்ணு இருந்தா நாங்க ரிஃபைனரியில கோயில் கட்டியிருப்போம்.

காலிபரேசன் பண்ண வர்ற பையன் என்ன பண்றான்னு நான் ஒரு ஓரமா நின்னு பார்த்தேன். வந்ததும் ஸ்க்ரூவைத் திருகி 50-க்குக் கொண்டாந்தான், அப்பறம் நோட்டை எடுத்தான். திருகறதுக்கு முந்தி என்ன காட்டுச்சுன்னு கேட்டேன். "அதெல்லாம் சரி பண்ணிட்டேன் தாத்தா"ன்னான். சரி பண்ணது யாருக்கு வேணும்? எனக்கு வேண்டியது அந்த முந்தின நம்பர்தான். நான் உனக்குக் கணக்குப் போட்டுக் காட்டறேன், பேனா எடுத்துக்கோ. 50 சதவீத எல்இஎல் கேஸைக் காட்டுறப்ப டிடெக்டர் 20-ன்னு காட்டுதுன்னு வெச்சுக்கோ. உன்ற மொதல் அலாரம் 20-ல, ரெண்டாவது 40-ல. அப்படின்னா இத்தனை நாளா உன்ற யார்டுல நெசமாவே 50 சதவீதம் சேர்ந்தப்பறந்தான் மொதல் அலாரமே அடிச்சிருக்கும். ரெண்டாவது அலாரம் அடிக்கறதுக்கு 100 வேணும். 100-ன்னா தீப்பொறி பட்டா எரியற அளவு. வால்வை மூடச் சொல்ற அலாரம் அதுதான்! அந்த 20-ஐ ரிஜிஸ்டர்ல எழுதுனாத்தான், ஆறு மாசத்துக்கு ஒருக்கா பண்ற வேலையை மூணு மாசத்துக்கு ஒருக்கா ஆக்கோணும்னோ, சென்சாரை மாத்தோணும்னோ ஒருத்தனுக்குத் தோணும். 50-ன்னு எழுதுனா ஆடிட்டருக்கு மட்டும் தூக்கம் நல்லா வரும்.

மொதல்ல சைபர் வெக்கறது. அதுலயும் உன்ற ஆளு ஒரு சாமர்த்தியம் பண்ணுனான். பையை அவுத்தப்பறம் பேனல் 6-ன்னு காட்டுச்சு. ரெண்டு நிமிசம் பார்த்தான், குறையல. "டிரிஃப்ட்டு"ன்னு சொல்லி சைபர் பட்டனை அமுக்கிட்டான். அவன் முதுகுக்குப் பின்னால மேனிஃபோல்டு கிளாண்டுல சோப்புத் தண்ணி ஊத்தி நான் பார்த்தேன், குமிழி குமிழியா வந்துச்சு. நெசமா இருந்த கேஸை அவன் சைபர்னு டிடெக்டருக்குப் பாடம் சொல்லிக் குடுத்துட்டான். சந்தேகமா இருக்கற எடத்துல சிலிண்டர்ல வர்ற ஜீரோ ஏரைக் காட்டித்தான் சைபர் வெக்கோணும். புது சென்சாரா இருந்தா கரண்ட் குடுத்துக் கையேடு சொல்ற நேரம் சூடேற விட்டப்பறந்தான் கை வெக்கோணும்.

அப்பறம் ஸ்பேன், அதாவது அளவு தெரிஞ்ச கேஸைக் காட்டி நம்பரைச் சரி பண்றது. அதுக்கு வெச்சிருக்கற கேஸ் சிலிண்டர் லேபிளைப் படிச்சியா? ஒண்ணு, காலாவதித் தேதி. அது போன நோம்பிக்கு முந்தியே முடிஞ்சுருச்சு. ரெண்டு, என்ன கேஸ்னு. மீத்தேனுக்கு செட் பண்ண டிடெக்டர் எல்பிஜிக்கு வேற நம்பர் காட்டும். எந்தக் கேஸுக்குக் காவலோ அந்தக் கேஸுலதான் செட் பண்ணோணும், இல்லாட்டிக் கம்பெனி குடுத்த திருத்தக் காரணியைப் போடோணும். மூணு, மிச்சம் என்னன்னு: காத்தா, நைட்ரஜனா? நைட்ரஜன்ல கலந்து வர்றது இன்ஃப்ராரெட் டிடெக்டருக்கு ஆகும். இந்த மணிக்கு ஆகாது, ஆக்சிஜன் இல்லாம எதை எரிக்கறது? நாலாவதுதான் எல்லாரும் தடுக்கி விழற எடம். புரொப்பேனுக்கு எல்இஎல் 2.1 சதவீதம்னு ஒரு கணக்கு, 1.7-ன்னு ஐஇசி கணக்கு. 1.05 சதவீதம் புரொப்பேன் இருக்கற சிலிண்டர் மொதல் கணக்குல 50, ரெண்டாவதுல 62-க்குக் கிட்ட. உன்ற டிடெக்டர் எந்தக் கணக்குல பொறந்ததுன்னு கையேட்டுல இருக்கும். கையேடு எங்கன்னு கேட்டதுக்கு ஸ்டோர்ஸ்ல டேபிள் ஆடாம இருக்கறதுக்கு முட்டுக் குடுத்திருக்கறதாச் சொன்னாங்க. பரவால்ல, எடம் தெரிஞ்சுருச்சுல்ல.

கப்பை ஒழுங்கா மாட்டி, ரெகுலேட்டர் கையேட்டுல சொல்ற வேகத்துல, பொதுவா நிமிசத்துக்கு அரை லிட்டர் சுமாருக்கு, விட்டு, நம்பர் நிக்கற வரைக்கும் பொறுத்திரு. மணி 50-க்கு ஏற மாட்டேன்னு அடம் புடிச்சா, ஸ்க்ரூவைக் கடைசி வரைக்கும் திருகித் திருகி ஏத்தாதே. அது சாகக் கெடக்கறதுக்கு அடையாளம். ஸ்டென்டர் பக்கம் இருக்கறது நிச்சயமா அந்த நெலமைதான். அங்க இன்ஃப்ராரெட் போடச் சொல்லி முதலாளிகிட்டக் கேளு. அதுக்கு ஒளிதான் கண்ணு. சிலிகான் வெசம் ஏறாது, ஆக்சிஜனும் வேண்டாம். ஹைட்ரஜன் தெரியாது, உங்க யார்டுல அது இல்ல. லென்ஸ்ல பஞ்சு படியாமப் பார்த்துக்கோணும். விலையைக் கேட்டா முதலாளி தண்ணி கேப்பாரு. பக்கத்துல ஒரு சொம்பு வெச்சுட்டு அப்பறம் சொல்லு.

கையில தூக்கிட்டுப் போற மீட்டரும் ஒண்ணு வெச்சிருக்கறே. அதை அன்னாடு காலையில கேஸ் காட்டி பம்ப் டெஸ்ட் பண்ணாமத் தொடக் கூடாது. மீத்தேன்லயே காட்டிப் பாரு. வெசம் ஏறுனா மொதல்ல போறது மீத்தேனை எரிக்கற சக்திதான், சீக்கிரம் மாட்டிக்கும். இன்னொண்ணு, எல்இஎல் சைபர்னு காட்டுதுன்னு சாயக் கழிவு டேங்க்குள்ள யாரையும் எறக்கிப்போடாதே. அங்க ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்ந்திருக்கலாம். அதுக்கு எல்இஎல் சுமார் 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம். 400 பிபிஎம் இருந்தா எல்இஎல் மீட்டர்ல வெறும் 1. உள்ள எறங்குனவன் உசுருக்கே ஆபத்து, மீட்டர் வாய மூடிட்டு இருக்கும். அதுக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு சென்சார் தனி, ஆக்சிஜன் சென்சார் தனி. இதுல நான் கேலி பண்ண மாட்டேன்.

கடைசியா, அலாரத்தை வேலை செய்யாம நிறுத்தி வெக்கற அந்தப் பைபாஸ் சாவி. பேனல்ல தொங்குதே, திருப்பி வெச்ச மேனிக்குத் துருப்புடிச்சுக் கெடக்குது. காலிபரேசனுக்கு முந்தி திருப்பறது நாயம், முடிஞ்சதும் மறுபடி திருப்பணும்னு உங்க ஆளுங்களுக்கு யாரும் சொல்லல போல. ஹூட்டர் அடிக்குதா, எக்ஸாஸ்ட் ஓடுதா, சொலினாய்டு வால்வு நெசமாவே மூடுதான்னு வருசத்துக்கு ஒருக்காவாச்சும் பார்த்துப்போடு. முந்தியே புரொடக்சன்ல சொல்லி வெய்யி. சொன்னாலும் அந்த மேனேஜர் மறந்துருவாரு. பர்னர் அணைஞ்சதும் ஸ்டென்டர்ல ஓடுற துணி பூரா வீணாப் போச்சுன்னு ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிட்டே ஓடியாருவாரு. குறுக்க பேசாமக் கேட்டுக்கோ. அவரு அவ்வளவு திட்டறாருன்னா வால்வு சுத்தமா மூடியிருக்குதுன்னு அர்த்தம். ரிஜிஸ்டர்ல தேதி போட்டு அதையும் எழுது, கையெழுத்தை அவருகிட்டயே வாங்கிக்கோ.